ஒரே தள்ளாட்டம், இரண்டு நோய்கள்

நடை தள்ளாடும் பிள்ளையை பிசியோதெரபிக்கு அழைத்து வரும் குடும்பங்கள், ஃபைலோடு ஒரு கட்டைப்பையையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பை நிறைய மாத்திரை டப்பாக்கள். கோ-என்சைம் க்யூ10, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், கிரீன் டீ சாறு அடைத்த கேப்ஸ்யூல். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒன்றிரண்டு இருக்கும். மீதியெல்லாம் மச்சான் சொன்னது, மருந்துக்கடையில் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது. "மேடம், இதெல்லாம் ஆன்டி ஆக்ஸிடன்டாமே, நரம்புக்கு நல்லதாமே, குடுக்கலாமா?" என்று கேட்பார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் நரம்பு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் நரம்பியல் டாக்டரிடம் ஐந்து நிமிடம் கிடைக்கும் குடும்பத்துக்கு என்னிடம் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. அங்கே கேட்கத் தயங்கியதெல்லாம் இங்கே வந்து கேட்பார்கள். அவற்றில் முதல் கேள்வி இதுதான். இதற்கு அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது. ஒரே மாதிரி தள்ளாடும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு வைட்டமின் ஈ வாழ்க்கையையே மீட்டுத் தரும். இன்னொன்றுக்கு அதனால் நோய் நிற்கப் போவதில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த நோய் என்று பார்க்காமல் டப்பாவைத் திறப்பதுதான் ஆபத்து. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

இருட்டில் விழுவது ஏன்?

என்னிடம் வரும் ஒரு பெண் பி.காம் படிக்கிறாள். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. முதலில் செருப்பு அடிக்கடி கழன்று போயிற்று. பிறகு வாசலில் கோலம் போடக் குனிந்தால் விழ ஆரம்பித்தாள். வீட்டில் கவனக்குறைவு என்று திட்டினார்கள். "கண்ணால பாத்தாத்தான் மேடம் கால் எங்க இருக்குன்னு தெரியுது. கரண்ட் போச்சுன்னா நின்ன இடத்துலயே உக்காந்துருவேன்" என்று அவளே ஒரு நாள் சொன்னாள். நரம்பியல் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

நம் கால் மூட்டுகளும் தசைகளும் தாங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நொடிதோறும் மூளைக்குத் தெரிவித்தபடி இருக்கின்றன. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டும் நிற்க முடிகிறது. இந்தச் செய்தியைக் கொண்டு போகும் நரம்பு செல்கள் முதுகெலும்பை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் இழையைக் கால் கட்டைவிரல் வரைக்கும் இன்னொன்றை மூளையின் அடிப்பகுதி வரைக்கும் நீட்டியிருக்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் அதன் மொத்த நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். அவளுக்கு அந்தச் செல்கள்தான் முதலில் தேய்ந்தன. கண் பார்த்துச் சொல்வதை வைத்து அவள் நிற்கிறாள். வெளிச்சம் போனால் அந்த உதவியும் போய்விடுகிறது.

இந்த நோய்க்கு ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்று பெயர். பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் பதினைந்துக்கும் இடையில் தொடங்கும். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. பாதத்தின் வளைவு உயர்ந்துவிடும், முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். சிறுமூளையும் பாதிக்கப்படுவதால் பேச்சு குழறும். பலருக்கு இதயத்தின் சுவர் தடிக்கும், சிலருக்குச் சர்க்கரை நோய் வரும். தொடங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலோர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். அறிவு மட்டும் அப்படியே இருக்கும். என்னிடம் வரும் இளைஞர் ஒருவரை பஸ் கண்டக்டர் "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் அவர் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். நோய் எடுத்துக்கொள்வதற்கு முன்பாகவே நாம் எடுத்துக்கொண்ட சுதந்திரம் அது.

ஹைடல்பர்க் முதல் ஸ்ட்ராஸ்பூர்க் வரை

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த நிக்கோலாஸ் ஃப்ரீட்ரைக் 1863-ல் இந்த நோயை விவரித்தார். அந்தக் காலத்தில் ஒருவர் இப்படித் தள்ளாடினால், முதுகுத்தண்டைத் தாக்கும், ஏற்கெனவே அறியப்பட்ட இன்னொரு நோய் என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். ஃப்ரீட்ரைக் பார்த்தவர்கள் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும். பருவ வயதில் நோய் தொடங்கியவர்கள். இது வேறு நோய் என்று அவர் வாதிட்டார். இறந்தவர்களின் முதுகுத்தண்டைத் திறந்து பார்த்து அதன் பின்பகுதி சுருங்கியிருப்பதைப் பதிவு செய்தார். பல ஆண்டுகள் யாரும் அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

காரணம் தெரிய 133 ஆண்டுகள் ஆயின. 1988-ல் லண்டன் குழு ஒன்று நோயின் இருப்பிடம் 9-வது குரோமோசோம் என்று கண்டது. 1996-ல் மஸிமோ பண்டோல்ஃபோ, ஸ்ட்ராஸ்பூர்க்கின் மிஷேல் கெனிக் ஆகியோரின் தலைமையில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மரபணுவையே பிடித்துவிட்டார்கள். அந்த மரபணுவுக்குள் ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் ஓர் இடம் இருக்கிறது. ஆரோக்கியமானவர்களிடம் அது முப்பது சொச்சம் முறைக்கு மேல் போகாது. நோயாளிகளிடம் பெரும்பாலும் 600 முதல் 1,200 முறை வரை நீண்டிருக்கிறது. நீளம் கூடக் கூட மரபணுவைப் படிப்பது தடைபடுகிறது. அதிலிருந்து உருவாக வேண்டிய ஃப்ராடாக்ஸின் என்ற புரதம் மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

அந்த பி.காம் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன் முறை. "எங்க வீட்லயும் யாருக்கும் இல்ல, அவுக வீட்லயும் யாருக்கும் இல்ல. இவளுக்கு மட்டும் எங்கிருந்து மேடம் வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். மாமியார் வேறு வார்த்தையால் குத்திக்கொண்டிருந்த நேரம் அது. நம் எல்லோரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஒரு பிரதி கெட்டிருந்தால் ஃப்ராடாக்ஸின் பாதியளவு உருவாகும், அது போதும். அவர்கள் ஆயுள் முழுக்க ஆரோக்கியமாகவே இருப்பார்கள். தாய், தகப்பன் இருவரும் அப்படி ஒரு கெட்ட பிரதியைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டுமே கெட்டதாக வந்து சேர. ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்த இருவர் மணந்துகொள்ளும்போது இப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. உறவில் மணமுடிப்பது அதிகமாக இருக்கும் நம் மாநிலத்தில் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். குற்றவாளி யாரும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். மாமியாரையும் ஒரு நாள் கூட்டி வரச் செய்து அவரிடமும் சொன்னேன்.

செல்லுக்குள் நடப்பது

பள்ளிக்கூடத்தில் மைட்டோகாண்ட்ரியா படத்தை நாமெல்லாம் வரைந்திருக்கிறோம். சாப்பாட்டிலிருந்து வரும் சத்தையும் மூச்சிலிருந்து வரும் ஆக்ஸிஜனையும் சேர்த்து ஆற்றலாக்கும் சின்னஞ்சிறு உறுப்பு. ஃப்ராடாக்ஸின் வேலை செய்வது அதற்குள்தான். அங்கே இரும்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சிறுசிறு கொத்துகளாகக் கட்டும் வேலை நடக்கிறது. ஆற்றல் உற்பத்தியின் முதல் மூன்று கட்டங்களில் இருக்கும் புரதங்களுக்கு அந்தக் கொத்து பொருந்தினால்தான் எலக்ட்ரானைக் கைமாற்ற முடியும். கொத்துக் கட்டும் வேலையை ஃப்ராடாக்ஸின் வேகப்படுத்துகிறது. அது குறைந்தால் இரண்டு கேடுகள் ஒன்றாக வருகின்றன. ஆற்றல் குறைகிறது. பயன்படாத இரும்பு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே தங்குகிறது.

தங்கிய இரும்பு சும்மா இருக்காது. ஆற்றல் உற்பத்தியின்போது கசியும் ஆக்ஸிஜன் துணைப்பொருள்களோடு வினைபுரிந்து, அருகில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும் தீவிரமான துகள்களாக்கிவிடும். இவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். இவற்றை அடக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, கோ-என்சைம் க்யூ10 எல்லாம் அந்த வகை. ஓயாமல் ஆற்றல் கேட்கும் இதயமும், அந்த நீண்ட நரம்பு செல்களும் முதலில் அடிவாங்குவதில் வியப்பில்லை.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு தங்குகிறது என்று எங்கோ படித்துவிட்டு ஒரு தாய் பிள்ளைக்கு முருங்கைக்கீரையையும் பேரீச்சம்பழத்தையும் நிறுத்திவிட்டார். இந்த நோயில் ரத்தத்தில் இரும்பு பொதுவாக இயல்பாகவே இருக்கும். செல்லுக்குள் அது இருக்கும் இடம்தான் தவறு. சாப்பாட்டில் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தையே கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் அளவைக் கூட்டியபோது தள்ளாட்டம் மோசமாயிற்று. முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடலாம் என்று அந்தத் தாயிடம் சொன்னேன்.

மூன்று நோயாளிகளில் பிறந்த நம்பிக்கை

1997-ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளின் இதயத் தசையில் இரும்பு-கந்தகப் புரதங்கள் செயலிழந்திருப்பதைக் காட்டினார்கள். இரும்பால் கேடு, ஃப்ரீ ராடிக்கலால் கேடு என்றால் ஆன்டி ஆக்ஸிடன்ட் கொடுத்தால் என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. அவர்கள் தேர்ந்தது ஐடிபெனோன். கோ-என்சைம் க்யூ10-ன் சாயலில் ஜப்பானில் உருவாக்கப்பட்ட மருந்து. 1999-ல் 'லான்செட்' இதழில் வெளியான அவர்களின் கட்டுரையில் நோயாளிகள் மூன்றே பேர். மூவருக்கும் தடித்திருந்த இதயச் சுவர் மெலிந்திருந்தது.

உலகெங்கும் அந்தக் குடும்பங்கள் எப்படி மகிழ்ந்திருக்கும் என்று என்னால் உணர முடிகிறது. அதுவரை அவர்களுக்கு எந்த மருந்தும் இல்லை. அமெரிக்காவில் 48 இளம் நோயாளிகளிடம் நடந்த ஆறு மாத ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அதிக அளவு மருந்து எடுத்தவர்களுக்கு நரம்பு நிலை கொஞ்சம் தேறியது போலிருந்தது. 2008-ல் கனடா நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய சோதனைகள் முடிந்தன. அமெரிக்காவில் 70 சிறுவர் சிறுமியர், ஐரோப்பாவில் 232 பேர். பாதிப்பேருக்கும் அதிகமானோருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2010 வாக்கில் முடிவுகள் வந்தன. இரண்டு சோதனைகளிலும், மருந்து எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையில் நம்பத்தகுந்த வேறுபாடு இல்லை. அமெரிக்கச் சோதனையில் போலி மாத்திரை எடுத்தவர்களும் தேறியிருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் எனக்கு இது புதிதில்லை. யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள், ஏதோ நடக்கப் போகிறது என்ற நம்பிக்கை வந்தால் பிள்ளைகள் இன்னும் முயன்று நடப்பார்கள். அந்த முயற்சியையும் மருந்தின் பலனையும் பிரித்துப் பார்க்கத்தான் போலி மாத்திரை வேண்டியிருக்கிறது. 2013-ல் கனடாவில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது.

மற்ற நரம்புத் தேய்வு நோய்களிலும் இதே அனுபவம்தான். பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் நோயில் 609 பேரிடம் தினம் 2,400 மில்லிகிராம் கோ-என்சைம் க்யூ10 கொடுத்துப் பார்த்த சோதனை, பலன் தெரியாததால் 2014-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. பார்க்கின்சன் நோயில் க்யூ10 சோதனை 2011-ல் நின்றது. அதே நோயில் வைட்டமின் ஈ பலன் தரவில்லை என்று 1993-லேயே தெரிந்துவிட்டது. கட்டைப்பையில் இருக்கும் டப்பாக்கள் எதன் மேலும் இந்தத் தகவல் அச்சிடப்பட்டிருக்காது.

ஏன் பலிக்கவில்லை? ஈர விறகு போட்ட அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புகை கண்ணைக் கரிக்கிறது என்று சன்னலைத் திறந்து விசிறலாம். கொஞ்சம் நிம்மதி கிடைக்கலாம். ஆனால் உலை கொதிக்காது. ஃப்ராடாக்ஸின் குறைவு என்பது விறகு ஈரமாக இருப்பது. ஃப்ரீ ராடிக்கல் அதன் புகை. இத்தனை ஆண்டுகளாக நடந்ததில் பெரும்பகுதி விசிறும் வேலைதான்.

துனிசியாவில் கிடைத்த விடை

இந்தத் தோல்விகளை மட்டும் தெரிந்துகொண்டு, வைட்டமினெல்லாம் வீண் என்று முடிவுகட்டினால் அது இன்னொரு பிள்ளைக்குச் செய்யும் அநீதி. அந்தப் பிள்ளையைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

வட ஆப்பிரிக்காவின் துனிசியாவிலும் உறவுமுறைத் திருமணம் அதிகம். அங்கே ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்றே அடையாளம் காணப்பட்ட சில குடும்பங்களை நரம்பியல் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதே தள்ளாட்டம், அதே துள்ளாத முழங்கால், அதே வளைந்த பாதம். ஆனால் மரபணு அடையாளம் 9-வது குரோமோசோமோடு ஒத்துப்போகவில்லை. இன்னொரு விநோதம்: அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் ஈ கிட்டத்தட்ட இல்லை. சாப்பாட்டில் குறை இல்லை, குடல் அதை உறிஞ்சுவதிலும் குறை இல்லை. 1993-ல் நோயின் இடம் 8-வது குரோமோசோம் என்று தெரிந்தது. 1995-ல் மரபணு கிடைத்தது. அந்த ஆய்விலும் மிஷேல் கெனிக் இருந்தார். அடுத்த ஆண்டு ஃப்ரீட்ரைக் மரபணுவைக் கண்டுபிடித்த அதே கெனிக்தான்.

சாப்பாட்டில் வரும் வைட்டமின் ஈ கல்லீரலுக்குப் போகும். அங்கே ஒரு புரதம் அதைப் பொறுக்கி எடுத்து, ரத்தத்தில் பயணிக்கும் கொழுப்புத் துகள்களில் ஏற்றி அனுப்பும். இந்த நோயாளிகளிடம் அந்தப் புரதம் கெட்டிருக்கிறது. வந்த வைட்டமின் உடலில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. நரம்பு செல்களின் கொழுப்புச் சவ்வுகளைக் காக்க வேண்டிய ஆன்டி ஆக்ஸிடன்ட் ஆண்டுக்கணக்கில் போய்ச் சேராததால், அதே நீண்ட இழைகள் தேய்கின்றன. வெளியில் பார்த்தால் ஃப்ரீட்ரைக் நோய்தான்.

வைத்தியம் வைட்டமின் ஈ. ஆரோக்கியமான ஒருவருக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் போதும். இவர்களுக்கு டாக்டர்கள் 800 முதல் 1,500 மில்லிகிராம் வரை, ஆயுள் முழுக்கக் கொடுக்கிறார்கள். பொறுக்கி ஏற்றும் புரதம் இல்லாவிட்டாலும், அவ்வளவு கொடுக்கும்போது ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்துவிடுகிறது. நோய் தொடங்கிய புதிதில் கொடுத்தால் அது அங்கேயே நிற்கும், சிலருக்கு நடை தேறவும் செய்யும். நோய் தொடங்குமுன்பே கொடுத்தால் வராமலே தடுக்கலாம். காலம் கடந்தால், தேய்ந்த நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னோர் உதாரணமும் இருக்கிறது. ஃப்ரீட்ரைக் நோயில் தோற்ற அதே ஐடிபெனோனுக்கு, லெபர் பார்வை நரம்பு நோய்க்காக 2015-ல் ஐரோப்பா ஒப்புதல் கொடுத்தது. அது தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா நோய். இளம்வயதில் பார்வையைப் பறிப்பது. அதில் கெட்டிருப்பது ஆற்றல் உற்பத்தியின் முதல் கட்டம். ஐடிபெனோன் அந்தக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு எலக்ட்ரானை மூன்றாம் கட்டத்துக்குச் சேர்க்கிறது. எங்கே இடைவெளியோ அங்கே போய்ப் பொருந்துவதால் அங்கே சிலருக்குப் பலன் கிடைக்கிறது.

2023-ல் வந்த மருந்து

ஃப்ரீட்ரைக் நோயில் இரண்டாவது சுற்று முயற்சி வேறு வழியில் போயிற்று. வெளியிலிருந்து ஆன்டி ஆக்ஸிடன்ட் கொடுப்பதற்குப் பதில், செல்லின் சொந்தப் பாதுகாப்பைத் தூண்ட முடியுமா? நம் செல்களில் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதம் இருக்கிறது. ஆபத்து வந்தால் அது செல்லின் கருவுக்குள் போய், ஆன்டி ஆக்ஸிடன்ட் நொதிகளை உருவாக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கும். ஃப்ரீட்ரைக் நோயாளிகளின் செல்களில் இந்த எதிர்வினை மந்தமாக இருக்கிறது. ஒமவெலாக்ஸோலோன் என்ற மருந்து அந்தப் புரதம் அழிக்கப்படாமல் காத்து, அதை வேலை செய்ய வைக்கிறது.

103 நோயாளிகளிடம் 48 வாரம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் நரம்பு நிலை மதிப்பெண்ணில் 2.4 புள்ளி வேறுபாடு வந்தது. இந்த நோயில் ஓராண்டில் சராசரியாக இழப்பதற்குச் சமீபமான அளவு அது. 2023 பிப்ரவரி 28-ல், உலக அரிய நோய் தினத்தன்று, பதினாறு வயது நிரம்பியவர்களுக்காக அமெரிக்கா அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஃப்ரீட்ரைக் விவரித்து 160 ஆண்டுகளுக்குப் பின் அந்த நோய்க்கென்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து. மறு ஆண்டு ஐரோப்பாவும் ஒப்புதல் கொடுத்தது.

மகிழ்ச்சியோடு சேர்த்து மீதியையும் சொல்ல வேண்டும். அது நோயின் வேகத்தைக் குறைக்கிறது. இழந்த நடையைத் திருப்பித் தரவில்லை. கல்லீரல் நொதிகள் உயரலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். அமெரிக்காவில் அறிமுக விலை ஆண்டுக்குச் சுமார் 3,70,000 டாலர், அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய். என் நோயாளிகளின் பெற்றோர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், பீடி சுற்றுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு எட்டும்வரை இந்த மருந்தை முழு வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது.

ஃப்ராடாக்ஸினையே கொண்டு சேர்க்கும் வழியும் தேடப்படுகிறது. 2014-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கின் எலென் புசியோவின் குழு, நோயுற்ற எலிகளுக்கு நல்ல மரபணுவை வைரஸ் வழியாகச் செலுத்தி, கெட்டுப்போன இதயத்தை மீட்டுக் காட்டியது. மனிதர்களிடம் அந்த வழியில் சோதனைகள் தொடங்கியிருக்கின்றன. விறகையே காய வைக்கும் வேலை இதுதான்.

நான் குடும்பங்களிடம் சொல்வது

முதலாவது, வைட்டமின் ஈ கேப்ஸ்யூலைத் தொடங்குமுன் ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவைப் பார்த்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நம் ஊரில் ரத்தம் எடுத்துப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே கேப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பார்த்தால் அளவு இயல்பாகத் தெரிந்துவிடலாம்; உண்மையான நோய் மறைந்துபோகும். போதாத அளவில் கொஞ்ச நாள் சாப்பிட்டு, பலனில்லை என்று நிறுத்திவிட்டால், தடுத்திருக்கக்கூடிய ஒரு நோய் பிள்ளையைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடும். அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், அளவை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, மரபணுப் பரிசோதனை. பெருந்தொகை கொடுத்து எக்ஸோம் பரிசோதனை செய்து, "எல்லாம் நார்மல்னு வந்துருச்சு மேடம்" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜி.ஏ.ஏ. நீட்சி வழக்கமான எக்ஸோம் பரிசோதனையில் தப்பிவிடும். அதற்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது, அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா ஜி.ஏ.ஏ. ரிப்பீட் டெஸ்ட். வைட்டமின் ஈ குறைவு நோய்க்கான டி.டி.பி.ஏ. மரபணுக் கோளாறுகளை எக்ஸோம் பெரும்பாலும் காட்டிவிடும். ஆகவே இரண்டும் வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, ஃப்ரீட்ரைக் நோய் என்று உறுதியானால், கட்டைப்பைக்குச் செலவாகும் பணத்தை வேறு மூன்று காரியங்களுக்குத் திருப்புங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எக்கோவும் ஈ.சி.ஜி.யும்; இந்த நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இதயத்திலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரைப் பரிசோதனை. மூன்றாவது பயிற்சி. என் தொழில் என்பதால் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் ஹைன்ரிக் ஃப்ரெங்கல் என்ற டாக்டர், காலின் உணர்வு போனவர்களுக்குக் கண்ணைக் கொண்டு நடையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளை வகுத்தார். இன்றும் தரையில் பாத அடையாளம் ஒட்டி அவற்றைத்தான் செய்ய வைக்கிறோம். 2009-ல் ஜெர்மனியின் டூபிங்கன் குழு, தேய்வு அட்டாக்ஸியா உள்ள 16 பேருக்கு நான்கு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தபோது தள்ளாட்டம் அளவிடும்படி குறைந்தது. காலின் உணர்வு போனவர்களுக்குப் பலன் குறைவாகவும், சிறுமூளை மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்தவர்களிடம்தான் பலன் நிலைக்கும். அந்த பி.காம் பெண் சுவரில் கைப்பிடிக் கம்பி போடச் செய்து, படுக்கையருகே இரவு விளக்கை எரியவிட்டு, தினமும் செய்கிறாள். விழுவது குறைந்திருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் நோய்கள் இடம்பெற்றுள்ளன என்பதால், சான்றிதழுக்கும் விண்ணப்பித்துக் கொடுத்தோம்.

கடைசியாக, உடன்பிறந்தவர்கள். ஒரு பிள்ளைக்கு வைட்டமின் ஈ குறைவு நோய் என்று தெரிந்தால், நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அதே வாரத்தில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கும் அதே கோளாறு இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பரம்பரையாக வரும் நரம்புத் தேய்வு நோய்களில், தொடங்குமுன்பே ஒரு வைட்டமினால் தடுத்துவிடக்கூடியவை மிகச் சில. அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசோதிக்காத காரணத்தால் ஒரு பிள்ளையின் நடையை இழக்க நமக்கு உரிமை இல்லை. தள்ளாடும் பிள்ளை எந்த அரசு மருத்துவமனைக்கு வந்தாலும், முதல் ரத்தப் பரிசோதனைகளின் பட்டியலில் வைட்டமின் ஈ இருக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.